பின்னோக்கி ஐந்து கியர்

மருத்துவமனைச் சாலையை வெள்ளம் அறுத்திருந்தது. கூரை கழற்றிய கவச வண்டியின் பின்பக்கம் வள்ளிநாயகம் பிள்ளையின் மகள் அழகியநாயகி பிரசவ வேதனையில் துவண்டு கிடந்தாள். பட்டாளத்திலிருந்து திரும்பிய சுந்தர்சிங் ஏலத்தில் எடுத்து ஓட்டும் 'டிங்கோ' என்ற பட்டாள வண்டி அது. அதைத் தேர்வீதிக்குள் விடாதவரே பிள்ளைதான்.

"திருப்புடே!"

"எடமில்ல பிள்ளைவாள். மொதல்ல செஞ்ச வண்டியில பின்சக்கரமும் சேந்து திரும்பும், சட்டுன்னு வளைச்சிரலாம். இது பொறவு வந்த வகை. ஆனா பின்னாலயும் அஞ்சு கியர் உண்டு. பின்னால கெடக்க ஒங்க தேர்வீதி வழியா அப்படியே போயி மேட்டு ரோட்டைப் பிடிச்சிரலாம். வீதியில முழங்கால் தண்ணி, திருப்ப நிறுத்தினா இஞ்சின் அணைஞ்சிரும்."

பிள்ளையுடையது தேர்வடத்தை முதலில் தொடும் குடும்பம். அந்த வீதியில் தேர் பின்வாங்கலாகாது என்று மாட்டுவண்டியைக்கூடப் பின்னுக்குத் தள்ள விடமாட்டார்.

"இது தேரில்லல்லா, பிள்ளைவாள்!"

மகள் முனகினாள். பிள்ளை வண்டியின் பின்விளிம்பில் ஏறி, துண்டை உருவிக் கையில் பிடித்தார்.

"நான் வழி சொல்லுகேன். விடுலே!"

வண்டி பின்னோக்கிப் பாய்ந்தது. வீதியில் வாசல்தோறும் ஆட்கள் நின்றார்கள். பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. மகளின் முனகல் நின்றிருந்தது.

"இன்னும் வேகமா, மக்கா! இன்னும் வேகமா!"