ரேலீனின் இடது கன்னம்

...அதிலும் கிளினிக்கின் அந்த மூலை நாற்காலிக்காரிக்கு உதடுகள் முதலில் வந்து உட்கார்ந்திருக்கின்றன, ஆள் பின்னாலேதான் வந்து சேர்ந்திருக்கிறாள் என்று நினைத்தாள் ரேலீன், அவளுக்குப் பக்கத்தில் இருப்பவளின் நெற்றியோ இஸ்திரி போட்ட மேஜைத்துணி, ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும், இவர்களுக்கெல்லாம் வயது முப்பதா எழுபதா, கையைப் பார்த்தால்தான் தெரியும், கையை யாரும் செதுக்கிக்கொள்வதில்லை, ஆஸ்திரேலியாவின் இந்தக் கோல்ட் கோஸ்ட் நகரத்தில் இப்போது பாதி ஊர் இளம் முகமும் கிழட்டுக் கையுமாகத்தான் திரிகிறது, யாராவது சிரித்தால் காது நகர்கிறது, வாய் நகர மாட்டேன் என்கிறது... இந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தியா, அறுபத்தேழு வயதில், முகத்தோலை லேசரால் உரித்துக்கொள்ள வரிசையில் உட்கார்ந்துகொண்டு, சீ, எல்லாம் இவனால் வந்தது. இவன் என்றால் பக்கத்து நாற்காலியில் மீன்பிடிப் பத்திரிகையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தை வேதம் மாதிரி படித்துக்கொண்டிருக்கும் கெல்வின், தாலி கட்டாத குறையாகத் தேவாலயத்தில் மோதிரம் மாட்டிய கணவன், இந்தக் கன்னத்தில் கோடு போட்ட புண்ணியவானும் அவனேதான்.

கோடு என்று சொன்னால் அது கோடா, கன்ன எலும்பில் தொடங்கி வளைந்து நெளிந்து தாடை வரை வந்து, சுற்றிலும் கண்ணாடிச் சில்லு குத்திய குழிகளோடு, சின்ன ஆறும் அதன் கரையோரக் கிராமங்களும் மாதிரி இருக்கும். சூதாட்ட மெஷின்கள் இந்தப் பக்கம் வராத காலம், எல்லோரும் மாநில எல்லை தாண்டி ட்வீட் ஹெட்ஸுக்குத்தான் ஓடுவார்கள், அங்கே போய்ச் சில்லறையை மெஷினுக்கும் மூளையை பியருக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது இவன் காரை மரத்தில் விட்டான், ரேலீன் முன்கண்ணாடி வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான் கதை. வாலபி, அந்தக் குள்ளக் கங்காரு, குறுக்கே வந்ததாம். அன்றைக்குப் போலீசிடம் சொன்னபோது பூனை அளவுதான் இருந்தது அந்த வாலபி, பத்து வருஷத்தில் முழுக் கங்காருவாகிவிட்டது, போன கிறிஸ்துமஸ் விருந்தில் ஏறக்குறைய ஒட்டகமாகி ஹெட்லைட்டை முறைத்துக்கொண்டு நின்றது, இன்னும் கொஞ்ச காலம் போனால் ஒரு மந்தையே வந்துவிடும். அவள் ஒரு வாலபியையும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று ஒரு நாளும் சொன்னதுமில்லை, சொல்ல என்ன இருக்கிறது, இடது கன்னத்தை மெதுவாக வெளிச்சத்தின் பக்கம் திருப்பினால் போதும்... வாய்ச் சண்டை பாதியில் நின்றுவிடும். அப்படித் திருப்பித் திருப்பியே பியரை விட வைத்தாள், படகை விற்க வைத்தாள், வருஷா வருஷம் வந்து சோபாவில் வேர்விடும் அவன் தம்பியைப் பெர்த் நகரத்திலேயே இருக்க வைத்தாள், காலையில் கட்டிலுக்கே தேநீர் வர வைத்தாள், முப்பத்தைந்து வருஷமாக ஒரு நாள் தவறாமல், சூடாக, அவளுக்குப் பிடித்த அளவு பாலோடு.

இப்போது அழிக்கப் போகிறானாம். தைரியம் எங்கிருந்து வந்தது பாருங்கள், தனியாகச் சொன்னால் கன்னம் திரும்பும் என்று தெரிந்து, புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் கிளப்பில், வெள்ளிக்கிழமை இறைச்சித் தட்டுக்கான சீட்டுக் குலுக்கல் நடக்கும்போது, கூட்டமெல்லாம் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டுக்கறிக்கு நாக்கைத் தொங்கவிட்டிருக்கும் நேரமாகப் பார்த்து, மைக்கைப் பிடுங்கினான். "எங்க கல்யாண நாளுக்கு என் ரேவுக்கு ஒரு பரிசு. அவ கன்னத்துல நான் போட்ட கோட்டை நானே அழிக்கப்போறேன்." ஆட்டுக்கறி ஜெயித்தவனுக்குக்கூட அப்படிக் கைதட்டல் கிடைத்ததில்லை, தோழி ஷெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஒட்டியிருந்த பொய் இமை பிய்ந்து வந்தது. அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது... தண்டனையிலிருந்து விடுதலை வாங்கப் பார்க்கிறான், வேறென்ன, கோடு போன மறுநாள் பியர் வரும், அடுத்த வாரம் படகு வரும், படகில் தம்பி வருவான். தேநீர் வருமா. அதுதான். தேநீர் கோட்டுக்கு வருகிறதா, அவளுக்கு வருகிறதா, முப்பத்தைந்து வருஷத்தில் இதைக் கேட்கத் தோன்றியதே இல்லை, கோடு இருக்கும்வரை கேட்க வேண்டிய அவசியமும் இல்லை...

"ரேலீன் செல்லம், உள்ள வாங்க." டேனிகா என்ற நர்ஸ், பிறந்த குழந்தைக்கு மேல் ஐந்தாறு வயது கூட இருந்தால் ஆச்சரியம், எல்லோரும் இவளுக்குச் செல்லம்தான். "கெல்வின், நீங்களும் வாங்க, மயக்கம் போட்டு விழ மாட்டீங்கன்னா."

"விழுந்தா என்னையும் சேத்து உரிச்சு விட்டுரும்மா," என்றான் கெல்வின். டேனிகா சிரித்தாள். ரேலீன் சிரிக்கவில்லை, இந்த வழிசலுக்கெல்லாம் சிரித்துத்தான் கல்யாணம்வரை வந்தது. சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள், முதலில் முகத்தைத் துடைக்க வேண்டும், அப்புறம் மரத்துப்போகும் களிம்பு, அப்புறம் டாக்டர், அப்புறம் ஒரு வாரத்துக்கு வெந்த தக்காளி மாதிரி முகம். பஞ்சு கன்னத்தில் ஒரு முறை போயிற்று, இரண்டாம் முறை போயிற்று, நின்றது.

"ரேலீன், இது என்ன கலர்?"

"என் கலர்தான்."

"உங்க கலர் பஞ்சுல வருதே." டேனிகா பஞ்சைக் காட்டினாள், நல்ல கெட்டியான கிரேவி நிறம்.

"வெயில்ல கருத்த மாதிரி தெரிய ஷெரில் ஸ்ப்ரே அடிச்சு விட்டா. சனிக்கிழமை கிளப்ல பரிசளிப்பு, வெளுத்த பேய் மாதிரி போய் நிக்கச் சொல்றியா? வெயில்ல போகாதீங்கன்னுதானே சொன்னே. ஒரு மாசமா துணி காயப்போடக்கூட வெளிய போகல. இது வெயில் இல்ல, குப்பி."

"குப்பியும் கூடாதுன்னு போன்ல சொன்னேனே, செல்லம். லேசருக்கு ரெண்டும் ஒண்ணுதான், தோல் வெந்துடும்."

டாக்டர் வந்தார், இருபது மைல் தூரத்திலிருந்தே தெரியும் வெள்ளைப் பற்களோடு, பஞ்சைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். "இன்னிக்கு வேண்டாம். இதுமேல போனா பழைய தழும்பு போய்ப் புதுசு வரும். சாயம் சுத்தமா போகட்டும், அடுத்த மாசம் பாக்கலாம்." போய்விட்டார், பற்கள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்த மாதிரி இருந்தது.

டேனிகா போனில் சொன்னாளா என்றால் சொன்னாள், ஸ்ப்ரே, கிரீம், எதுவும் கூடாது என்று பாலர் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள், இவளும் சரி சரி என்றாள், போனை வைத்த கையோடு ஷெரிலைக் கூப்பிட்டு, நல்லா கருப்பா அடிச்சு விடுடி என்றாள்... மறதியா. ரேலீனுக்கா. ட்வீட் ஹெட்ஸில் அன்றைக்கு எந்த மெஷினில் எத்தனை செர்ரிப் படம் வரிசையாக விழுந்தது என்று இன்றைக்கும் சொல்வாள். சரி, வேண்டுமென்றுதான் செய்தாள், அதனால் என்ன, கோடு இன்னும் ஒரு மாதம் பிழைத்தது, இனி இவன் மூஞ்சி தொங்கிப் போகும், மைக்கில் முழங்கிய வாய் கோணிக்கொள்ளும், அதைப் பார்த்துவிட்டு எழுந்திரிக்கலாம் என்று கெல்வின் பக்கம் திரும்பினாள்.

அவன் தோள்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தான், மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி, பல் பிடுங்க வந்த இடத்தில் டாக்டர் விடுமுறை என்று கேள்விப்பட்டவன் மாதிரி. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் அவசரமாக முகத்தில் வருத்தத்தை எடுத்து மாட்டிக்கொண்டான், அதுவும் கோணலாக மாட்டிவிட்டான்.

"என்ன, சந்தோஷமா?" என்றாள்.

"சேச்சே. பாவம், உனக்கு எவ்வளவு ஏமாத்தமா இருக்கும்," என்றான், ஆனால் குரல் லேசாகிவிட்டிருந்தது. இவனுக்கு எதற்கு நிம்மதி... இவனல்லவா அழிக்க வேண்டும் என்று நின்றவன், கோடு போய்விட்டால் இவன் எதை இழப்பான், யோசித்துப் பார்த்தாள், அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, இத்தனை வருஷமாகக் கன்னத்தை மட்டுமே திருப்பிக்கொண்டிருந்தவளுக்கு, எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்ன நினைத்தான் என்று எப்படித் தெரியும்.

வரவேற்பு மேஜையில் டேனிகா கம்ப்யூட்டரில் அடுத்த மாதத்தைத் திறந்து வைத்திருந்தாள். "எந்த நாள் போடட்டும்?"

ரேலீன் கெல்வினைப் பார்த்தாள். கெல்வின் ரேலீனைப் பார்த்தான். அவன் கண் அவள் இடது கன்னத்துக்குப் போயிற்று, காலையில் தேநீரை நீட்டும்போது போகிற மாதிரியே. டேனிகாவின் விரல் மவுஸ் பொத்தானின் மேல் தூக்கியபடியே காத்திருந்தது.