பாத்திக்குள் போன சட்டை

மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவது அவள் வழக்கம். போட்டுக்கொள்ள ஆள் இல்லாத சட்டைக்கு அழுக்கு ஏது என்று கேட்டால், பெட்டியிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்பாள். பூஞ்சை என்றால் அவள் கணவருக்கு உயிர் என்பது வேறு விஷயம்.

மனிதர் விளைவித்தது காய்கறி, வாய் ஓயாமல் பேசியது குப்பையைப் பற்றி. முட்டைக்கோஸ் இலை, காய்த்து ஓய்ந்த தக்காளிச் செடி, கோழிக் கழிவு, வைக்கோல், சந்தையில் யாரும் சீந்தாத அழுகல் வெங்காயம் எல்லாம் அவர் வண்டியேறி வீட்டுக்கு வரும். குழியில் குவித்து, கிளறிக் கிளறி ஆறு மாதம் மக்க வைப்பார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் குவியலுக்குள் கையை விட்டுச் சூடு பார்ப்பார். சந்தையில் 'குப்பை மேஸ்திரி' என்று பெயர் வைத்தார்கள். அவரோ பட்டம் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார்.

வீடும் நிலமும் அவருக்கும் தம்பிக்கும் பொது, நிலத்துக்கு நடுவில் ஒரு வாய்க்கால். கிழக்கே அண்ணனின் மக்கு உரம், மேற்கே தம்பியின் ரசாயன மூட்டை உரம். முதல் வருஷம் அவசரப்பட்டுப் பாதி மக்கியதை இறைத்ததில் அண்ணன் பக்கத்துக் கத்தரி நாற்றெல்லாம் மஞ்சளடித்துப் போனது. இரண்டாம் வருஷம் சுமார். மூன்றாம் வருஷம் மண் பொலபொலவென்று கையில் உதிரத் தொடங்கியபோது பார்க்க அவர் இல்லை. ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு குப்பையை அவளே கிளறினாள். கொழுந்தன் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு எத்தனை நாள் அண்ணி? அந்தக் குழிய மூடிட்டா, காய் தரம் பிரிக்க அங்க ஒரு கொட்டகை போட்டுக்கலாம்."

"மண்ணு மாறியிருக்கு தம்பி. கையில எடுத்துப் பாருங்க."

"எனக்குக் கையில ஒண்ணும் தெரியல. கண்ணுல தெரியணும்."

மண் பரிசோதனை நிலையத்துப் பெண்மணிதான் வழி சொன்னார். ஒரே மாதிரி இரண்டு பருத்தித் துணி எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். அறுபது நாள் கழித்துத் தோண்ட வேண்டும். மண்ணில் உயிர்கள் நிறைய இருந்தால் துணியைத் தின்று தீர்த்திருக்கும். இல்லாவிட்டால் துணி துணியாகவே இருக்கும். "என் பக்கத்துத் துணி முழுசா இருந்தா நானே குழிய மூடிடறேன்" என்று சொல்லி, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் அவள்.

அண்ணனும் தம்பியும் ஒரே பருத்தித் துணியெடுத்து ஒரே தையற்காரரிடம் வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டவர்கள். தம்பிக்கு இரண்டு. ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தான். மற்றது கொடியில் காய்வதாக நினைத்து, புரட்டிக்கூடப் பார்க்காமல் உருவிச் சுருட்டிக்கொண்டு போனான். தன் சட்டையை மேற்கே புதைத்தான். கொடியிலிருந்து எடுத்ததைக் கிழக்கே, அண்ணன் பக்கத்துத் தக்காளிப் பாத்தியில் புதைத்துக் குச்சி நட்டான்.

ஒரு வாரம் அவள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். காற்றைத் திட்டினாள், பக்கத்து வீட்டு நாயைச் சந்தேகப்பட்டாள். எட்டாம் நாள் கொழுந்தனின் இரண்டாவது சட்டை அவன் பெட்டிக்கு அடியிலிருந்து வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் செத்துப்போய் அவள்முன் வந்து நின்றான்.

"அண்ணி... இது என்னோடது. அப்போ அங்க இருக்கிறது அண்ணனோடது. இப்பவே தோண்டி எடுத்துடறேன். பரீட்சை கெட்டா கெட்டுட்டுப் போகுது."

எடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "வேண்டாம் தம்பி" என்றுதான் அவள் காதில் விழுந்தது. சொன்னது தானேதானா என்று அவளுக்கே சந்தேகம்.

அந்தச் சட்டையின் பை ஒருமுறை முள்வேலியில் மாட்டிக் கிழிந்தது. அவள் ஊசி கொண்டுவருவதற்குள், தக்காளிச் செடி கட்டுகிற பச்சை நைலான் நூலால் மனிதர் தானே கோணலும் மாணலுமாகத் தைத்துக்கொண்டுவிட்டார். "என்னங்க இது, சாக்கு தைச்ச மாதிரி?" என்று இவள் சிரித்தாள். "சட்டை போனாலும் என் தையல் போகாது, பாத்துக்கிட்டே இரு" என்று அவர் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். அவர் போன பின் அந்தப் பைக்கு அவள் முத்தம் கொடுத்த நாட்கள் உண்டு. யாருக்கும் தெரியாது.

பத்தாம் நாள் மத்தியானம், கொழுந்தன் சந்தைக்குப் போயிருந்த சமயம், குச்சிக்குப் பக்கத்தில் விரலால் தோண்டினாள். துணியின் முனை தட்டுப்பட்டது. இழுத்தாள். கிழியவில்லை, கெட்டியாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அடுத்த மூச்சிலேயே இழுத்த முனையை விட்டாள். இது இப்படியே இருந்தால் அவர் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடுமே! எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் மண்ணைத் தள்ளி மூடினாள்.

பிறகு தினமும் வேலை முடிந்து மரத்தடியில் சாய்வாள், கண்ணை மூடுவாள், பாத்திக்குள் இறங்கிவிடுவாள். அங்கே இருட்டு இல்லை. பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம். சட்டை கைகளை விரித்துக்கொண்டு படுத்திருக்கிறது. பூஞ்சையின் வெள்ளை இழைகள் நூலுக்கும் நூலுக்கும் நடுவே நுழைந்து, யார் வீட்டுப் பிள்ளை நீ என்று விசாரிக்கின்றன. ஒரு மண்புழு வலது கைவழியே புகுந்து, அளவு சரியா என்று பார்த்துக்கொண்டு, கழுத்து வழியே வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பூச்சிகள் பைக்குள் குடித்தனம் வைத்திருக்கின்றன. வேர் ஒன்று பொத்தான் துளையை எட்டிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு விலகிப் போகிறது.

ஒருநாள் அவரும் அங்கே இருந்தார். பனியனோடு, குவியல் பக்கத்தில் உட்காருகிற அதே குந்தலில் உட்கார்ந்திருந்தார்.

"என் சட்டை எங்க?"

"இவங்க சாப்பிடுறாங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மெதுவா சாப்பிடச் சொல்லு. அவசரமே இல்ல."

விழித்தபோது உள்ளங்கையில் ஈர மண் ஒட்டியிருந்தது. எப்போது அள்ளினாள் என்று ஞாபகமில்லை.

அறுபதாம் நாள் காலை இருவரும் மண்வெட்டியோடு போனார்கள். முதலில் மேற்கு. மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. கொழுந்தனின் சட்டை முழுசாக வந்தது, கொஞ்சம் பழுப்பேறி, ஓரத்தில் நாலைந்து ஓட்டைகளோடு. உதறித் தன்மேல் வைத்துப் பார்த்தான். துவைத்தால் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

கிழக்கே மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஒரு சாண் போயிற்று, ஒன்றரைச் சாண் போயிற்று. சட்டை இல்லை.

"இடம் மாறிடுச்சா அண்ணி?"

"நீங்கதானே தம்பி குச்சி நட்டீங்க."

மண்வெட்டியைத் தள்ளச் சொல்லிவிட்டுக் கையை விட்டாள். குளிர்ந்த, கறுத்த, புழு நெளிகிற மண். ஒரு பொத்தான் வந்தது. இன்னொன்று. தையல் மெஷினின் பாலியஸ்டர் நூல் சுருள் சுருளாய் விரலில் சுற்றியது. அதற்குக் கீழே பச்சையாய் ஏதோ. ஊதி ஊதி மண்ணை விலக்கினாள்.

பச்சை நைலான் நூல். கோணலும் மாணலுமாக, மூன்று பக்கம் ஓடிய அதே சாக்குத் தையல். தைக்கப்பட்ட பையும் இல்லை, சட்டையும் இல்லை. தையல் மட்டும் இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே பாத்தியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மனிதர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, சொன்னவர்தான் இல்லை.

கொழுந்தன் ஒரு பிடி மண்ணை அள்ளி, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு தன் சட்டையை அவளிடம் நீட்டினான்.

"இத வச்சுக்குங்க அண்ணி. அதே துணிதான். அண்ணனோடதுன்னு நெனச்சுக்குங்க."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதைத் தடவிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் மனம் ஆடியது. பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"எடுத்த இடத்துலயே போட்டு மூடுங்க தம்பி. குழியில ஆறு மாசம் மக்குனது தயாரா இருக்கு. அதையும் உங்க பக்கம் கொட்டுவோம். அங்கயும் நாலு உயிர் வந்து சாப்பிடட்டும்."

அவன் தலையாட்டிவிட்டு மேற்கே நடந்தான். அவள் பொத்தான்களை மண்ணிலேயே விட்டாள். பச்சை நூலை மட்டும் எடுத்து, முடிச்சுக் கலையாமல் சுருட்டி, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.