துரையின் கை ஒட்டிய மேசை

விஜிதரன் காலையில் எழுந்து, முகம் கழுவி, சாயத்தண்ணி குடித்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவுக்கு ஏறிப்போய், சாப்பாட்டு மேசையில் ஒட்டிப்போன துரையின் இடது கையைச் சுற்றித் தூசி துடைத்து, அரக்குப் பொலிஷ் ஒரு பூச்சுப் போடுவான். துரை வலது கையால் முட்டையைத் தட்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு பூச்சுக்கும் கை இன்னும் கொஞ்சம் இறுகும். இருந்தாலும் அவனை யாரும் வாசலில் மறிப்பதில்லை. அந்தக் கையை எடுத்துவிடக் கூடியவனும் அவன் ஒருவன்தான்.

உடப்புசல்லாவை ஊர்க் கடைவீதியில், சரிபுதீன் நானாவின் தளபாடக் கடையில் மேசை நாற்காலிக்கு மெருகு போடுவது அவனுக்கு வேலை. மனைவி ஜெயந்தினி தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். ஒருநாள் மலையில் குளவிக்கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடினார்கள், கூடைக் கயிறு கழுத்தில் சிக்கி அவள் விழுந்தாள். கம்பளியில் தூக்கிவந்து ரோட்டு வளைவில் கிடத்தி, தோட்டத்து லொறிக்காகக் காத்திருந்தார்கள்; கடையிலிருந்து விஜிதரனும் ஓடிவந்துவிட்டான். கம்பனிக்காரர்கள் விருந்துக்கு வருகிறார்கள் என்று துரை வாங்கியிருந்த தேக்கு மேசையை ஏற்றிவர லொறி நுவரெலியாவுக்குப் போயிருந்தது. குளவி கொட்டிய செய்தி துரைக்குப் போனது. அவர் சாரதி கிஷாந்துக்குப் போன் பண்ணி, மேசையில் கீறல் விழக்கூடாது, வழியில் யாரையும் ஏற்றாதே என்றார். லொறி திரும்பி வந்தபோது வளைவில் எல்லாரும் கைகாட்ட, கிஷாந்த் வேகத்தைக் குறைத்தான். பிறகு வேகத்தைக் கூட்டிப் போய்விட்டான். ஜெயந்தினி அங்கேயே செத்தாள். அன்று லொறி பழுது என்று தோட்ட ஒப்பீஸ் எழுதிக்கொண்டது.

மேசைக்கு மெருகு போட ஆள் கேட்டுப் பங்களாவிலிருந்து வந்தபோது, வேறு ஒருவனை அனுப்புவதாக நானா சொன்னார். விஜிதரன் தானே போனான். அரக்குத் தேய்க்கும் பஞ்சைப் பொதிய, துவைத்துத் துவைத்து நூல் மெலிந்த பருத்தித் துணி வேண்டும். புதுத்துணி கோடு போட்டுவிடும். வீட்டில் அப்படி இருந்தது ஜெயந்தினியின் சேலை ஒன்றுதான். கிழித்தான். பனிமூட்டத்தில் அரக்குப் பூசினால் வெள்ளை பூத்துவிடும், தொழிலில் இருக்கிற எவனும் பூசமாட்டான். அன்று பனி ஜன்னலால் உள்ளே வந்து மேசைமேல் படுத்துக்கொண்டது. அவன் பூசினான். பூக்கவில்லை. மேசை கிணறு மாதிரி ஆழ்ந்து மினுங்கியது. துரை உள்ளங்கையை வைத்து, “ஷா, கண்ணாடி!” என்றார். கை திரும்பி வரவில்லை.

கம்பனிக்காரர்கள் அந்தக் கையைச் சுற்றித் தட்டுகளை வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மேசையை அறுக்க வந்த வாளின் பற்கள் உதிர்ந்தன. ஸ்பிரிட்டில் அரக்குக் கரையும் என்று போத்தல் போத்தலாக ஊற்றிப் பார்த்தார்கள். பங்களா நாறியதுதான் மிச்சம். நானா வந்து குனிந்து பார்த்தார். “பூசின கைதான் கழட்டோணும்” என்றார்.

விஜிதரன் கேட்டது ஒன்றுதான். “லொறி எங்க இருந்துச்சுன்னு பெரட்டுல எல்லார் முன்னுக்கும் சொல்லுங்க. எடுத்துர்றேன்.”

துரை ஒரு வருசம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு சம்மதித்தார். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு மேசையை ஆட்கள் தூக்கிப்போக, அவர் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வந்தார்.

“கங்காணி, மேசையும் வேலைக்கு வந்திருச்சு. அதுக்கும் ஒரு பேரு போட்டுக்குங்க” என்றாள் கொழுந்து பறிக்கும் வீரம்மா. களமே சிரித்தது. விஜிதரன் சிரிக்கவில்லை, ஸ்பிரிட் போத்தலின் மூடியைத் திறந்துகொண்டு நின்றான்.

துரை எல்லார் முகத்தையும் பார்த்தார். “அன்னைக்கு லொறி பழுது” என்றார்.

விஜிதரன் போத்தலை மூடினான். தூக்கி வந்தவர்களே மேசையைத் திரும்பவும் மேலே தூக்கிப்போனார்கள்.

மறுநாள் காலை அவன் பஞ்சை நனைத்தபோது துரை வாயைத் திறந்தார். தொழிற்சங்கத் தலைவர் ஆண்டியப்பன் ஜெயந்தினியின் இரங்கல் கூட்டத்தில் பேசியது தோட்டம் முழுக்க நிலைத்திருந்தது.

“ஒன் சம்சாரம் சாகுறப்ப எல்லாரையும் மன்னிச்சுட்டான்னு ஆண்டியப்பன் சொன்னானே. நீ யாருடா மன்னிக்காம இருக்க?”

“ஆண்டியப்பன் அங்க இல்ல. நான் இருந்தேன்.”

அவன் கை நிற்கவில்லை. துரையின் விரல்களுக்கு இடையில் அரக்கை ஏற்றிக்கொண்டே சொன்னான். முகம் வீங்கி அவளுக்குக் கண் மூடிப்போயிருந்தது. கீழே லொறிச் சத்தம் கேட்டதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“லொறி வந்திருச்சுங்க. என்னைய நிமித்தி உக்கார வைங்க, படுத்துக்கிட்டே போனா எனக்கு வாந்தி வரும்.”