சத்தமில்லாத வண்டி

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றியதும் விசிறியிலிருந்து தலையணைப் பஞ்சு மாதிரி தூசி வந்தது. மாப்பிள்ளைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு வருஷமாக அடுக்குமாடி லிஃப்ட்டுகளின் முனகலையும் கிறீச்சையும் தேடித் தேடி ஒழித்தவன். அவனைப் பொறுத்தவரை சத்தம் என்றாலே நோய். கல்யாணத்துக்கு முன்னால் ஆசை ஆசையாய் கேம் விளையாட வாங்கிய இந்த லேப்டாப்போ இப்போது மாமனார் அறையிலிருந்து தினமும் காலையில் வீடே அதிர ஊளையிடுகிறது. போதாததற்கு, பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் அப்டேட்டும் கிடையாதாம்.

"எல்லாத்தையும் மாத்திடலாம் மாமா. லினக்ஸ்னு ஒரு சிஸ்டம், காசே இல்ல. புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னே சுலபமா பண்ணியிருக்காங்க" என்றான், உரக்க. மாமாவிடம் எதையும் உரக்கத்தான் சொல்ல வேண்டும்.

"என் பஸ் ஓடுமா மாப்ளே?"

"ஜம்முனு ஓடும்."

பஸ் என்றால் விளையாட்டு பஸ். முப்பத்தோரு வருஷம் நிஜ பஸ் ஓட்டியவர் மாமா. இஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காது பாதி போயிற்று. ஒருநாள் ஸ்டியரிங்கிலேயே மயக்கம் வந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, ஆனாலும் லைசென்ஸ் போய்விட்டது. மகள் வீட்டுக்கு வந்த இந்த இரண்டு வருஷமாக, ஒன்பது மணிக்குச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்காருவார். பன்னிரண்டரைக்கு டூட்டி முடியும். அந்த மூன்றரை மணி நேரம்தான் அவர் யாருக்கும் பாரமில்லாத மனுஷன்.

மாப்பிள்ளை அதை மறக்கவில்லை. பஸ் சம்பந்தப்பட்டதை எல்லாம் முதலில் பென்டிரைவில் பத்திரப்படுத்தினான். டிஸ்க்கை முழுசாக அழிக்கவா என்று திரை கேட்டபோதுதான் கை ஒரு நிமிஷம் தயங்கியது. அப்புறம் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பஸ்ஸும் ஓடியது. சூடு கடத்தப் புதுப் பசை தடவி, மின்சாரத்தைச் சிக்கனத்தில் வைத்து, கேமின் வேகத்துக்கும் கட்டுப்பாடு போட்டு, காற்றுப் போக அடியில் நாலு பாட்டில் மூடியும் கொடுத்ததில் லேப்டாப் பூனைக்குட்டி போல் கிடந்தது.

"பாருங்க, மூச்சுச் சத்தம்கூட இல்ல!"

மாமா விசைப்பலகை ஓரமாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "நல்லா இருக்கு மாப்ளே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

மறுநாள் அவர் டூட்டிக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வியாழக்கிழமை பெட்டியில் துணியை அடுக்கி மேஜைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை கிளம்பி தம்பி வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேம்மா" என்றார் மகளிடம்.

அவள் புருஷனைச் சமையலறையில் மடக்கினாள். "எங்கப்பாவ என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொன்னேன்? வண்டிய சரி பண்ணிக் குடுத்தேன்!"

"ரெண்டு வருஷத்துல ஒரு நாள் லீவு போடாத மனுஷன். என்னமோ பண்ணியிருக்கீங்க."

"அப்ப அவரே சொல்ல வேண்டியதுதான?"

"மாப்பிள்ளைகிட்ட குறை சொல்வாரா எங்கப்பா? உயிரே போனாலும் சொல்ல மாட்டாரு."

சனிக்கிழமை காலை பால்கனியில் வாஷிங் மெஷின் துணியைப் பிழிந்துகொண்டிருந்தது. பிழியும்போது அது கிடுகிடுவென்று ஆடும். காலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தால், மாமா அதன் மூடிமேல் இரண்டு கைகளையும் வைத்து நிற்கிறார். பார்வை நேரே. இடது கால் மெல்ல எழும்பித் தரையை அழுத்தியது. இடது கை இறங்கி, இல்லாத கியரைத் தள்ளிவிட்டுத் திரும்பியது. மெஷின் வேகம் குறைந்து நின்றது. அவர் கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

மாப்பிள்ளைக்கு முகம் சூடாகிவிட்டது. அட, கேட்காத காதுக்கு ஸ்பீக்கர் எதற்கு? இந்த மனுஷன் கையால் அல்லவா பஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! அதன் உயிரைப் பிடுங்கிவிட்டு, ஜம்மென்று ஓடும் என்று வேறு சொல்லியாயிற்று.

நேராக அறைக்குப் போனான். பேட்டரி அடையாளத்தைத் தட்டிச் சிக்கனத்தை முழு வேகமாக்கினான். பாட்டில் மூடிகளை உருவி எறிந்தான். கேமில் தானே போட்டிருந்த கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டு பஸ்ஸைக் கிளப்பினான். விசிறி முக்கி முனகி மெதுவாக ஏறியது. மேஜைமேல் கிடந்த பேனா நடுங்கத் தொடங்கியது. தொழில் தெரிந்தவன் எவனாவது பார்த்தால் சிரிப்பான். சிரிக்கட்டும்.

"மாமா! டூட்டிக்கு லேட்டாகுது!"

மாமா வந்து, விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. மாப்பிள்ளை முகத்தை அவர் பார்க்கவுமில்லை. பிறகு எழுந்து சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்தார்.

"அந்தப் பெட்டிய நகத்துங்க மாப்ளே" என்றார். "கிளட்ச்ல இடிக்குது."

மாப்பிள்ளை குனிந்து பெட்டியை வெளியே இழுத்தான். அது இருந்த இடத்தில், வெறும் தரையில், மாமாவின் இடது கால் அழுத்தமாக இறங்கியது.