ஹஃபீசாவின் எழுத்துகள் ஊரப்பாக்கம் போன கதை

ஐப்பசி மழையில் மேற்குத் தாம்பரத்தில் கரண்டு போவதும் வருவதும் யாருக்கும் புதிதல்ல. ஆனால் 1996-ஆம் வருஷம் அந்தச் செவ்வாய்க்கிழமை அது திரும்பி வந்த வேகம் வேறு மாதிரி. ஹஃபீசாவின் கடையில் டியூப்லைட் ஒரு கணம் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்து அணைந்தது. மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. ஹஃபீசா ஸ்விட்சை அணைப்பதற்குள் கருகின வாடை அறை முழுக்க நிறைந்துவிட்டது.

முடிச்சூர் சாலையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவள் டி.டி.பி. சென்டர் நடத்திவந்தாள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி கழித்துப் போட்டபோது வாங்கின பழைய 386 மிஷின் அது. அதன் திரையில் கலர் கூடக் கிடையாது. போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம், அதற்குள் அவளுடைய எழுத்துகள் இல்லாமல் இருந்திருந்தால்.

அது அவளே வரைந்த தமிழ் எழுத்துரு. கடை வைத்த புதிதில் கிடைத்த எழுத்துகள் எதுவுமே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒன்றில் 'ழ' கால் ஒடிந்து நிற்கும். இன்னொன்றில் 'கு'வும் 'கூ'வும் அடையாளம் தெரியாமல் குழம்பிக் கிடக்கும். "சின்னப் பசங்க இதைப் பார்த்துப் படிச்சா தமிழே வேணாம்னு ஓடிடுவாங்க" என்று ஒருநாள் எரிச்சலோடு சொன்னவள், மறுநாளே உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். காகிதத்தில் எழுதிப் பார்த்து, மவுசைப் பிடித்து நகர்த்தி, ஒவ்வொரு வளைவையும் பத்துத் தடவை திருத்தி, வேலைக்கு நடுவில் கிடைத்த நேரத்திலெல்லாம் செய்தாள். உகர வரிசையும் ஊகார வரிசையும் மட்டுமே எட்டு மாதம் வாங்கின. ஒவ்வொரு எழுத்துக்கும் வால் ஒவ்வொரு திசையில் போகிறதே! இரண்டரை வருஷத்தில் நூற்றைம்பதுக்கு மேல் உருவங்கள் சேர்ந்திருந்தன.

அந்த எழுத்தில் அச்சடித்த ஒரு பிறந்தநாள் அழைப்பு எப்படியோ மாம்பலத்துக்குப் போய், அங்கே குழந்தைப் புத்தகங்கள் போடும் தாயாரம்மாள் கையில் கிடைத்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படப்புத்தகம் தயாராகிறது, இந்த எழுத்து வேண்டும், திங்கட்கிழமை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அந்த அம்மாள் மருந்துக்கடைக்கு போன் செய்து சொல்லியிருந்தார். அது போன வாரம். அந்தத் திங்கட்கிழமைக்கு ஆறே நாள் இருக்கும்போது மிஷின் புகைந்துவிட்டது.

"வேற காப்பி இல்லையா?" என்று அன்று வீட்டில் கேட்டான் அயூப், அவள் புருஷன்.

"ஒரு ஃப்ளாப்பில எடுத்து வச்சிருந்தேங்க. அது பூஞ்சை பிடிச்சுப் போச்சு. புதுசுல எடுக்கணும் எடுக்கணும்னே இருந்தேன்." பொழுது போனால் பேசிப் பேசியே வீட்டை நிறைக்கிறவள் அன்று வாய் திறக்காமல் சாப்பிட்டாள். அயூபுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மிஷின் ரிப்பேர் செய்யும் குப்புராஜ் சனிக்கிழமைதான் வந்து சேர்ந்தான். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். மோந்து பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"மதர்போர்டு பூட்ச்சிக்கா. எரிஞ்சி கரியா கீது பாரு. இத்த வெச்சிகினு ஒண்ணியும் பண்ண முடியாது."

"உள்ள இருக்கறதெல்லாம்?"

"அது இதுல இல்லக்கா. அதோ கீது பாரு, ஹார்ட் டிஸ்க்கு, அதுலதான் எல்லாம் கீது. அது பொயச்சிருந்தாலும் பொயச்சிருக்கும். வேற மிஷின்ல மாட்டிப் பாத்தாதான் தெரியும்." அவனே நாலு திருகாணிகளைக் கழற்றி அதை வெளியே எடுத்தான். "நானே மாட்டிக் குடுப்பேன். நாளிக்கி சிங்கப்பெருமாள் கோயில்ல மச்சினி கல்யாணம், போவலன்னா வூட்ல பேஜார் ஆயிடும். நீயே மாட்டிடு. ஒரு கேபிளு, ஒரு கரண்டு ஒயரு, அவ்ளோதான். கீய மட்டும் போட்டுடாத."

ஹஃபீசா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு சின்ன டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது. ஆனால் நல்ல கனம்.

வேறு மிஷின் என்றதும் அவளுக்கு நினைவு வந்தது ஊரப்பாக்கத்துத் தையல்நாயகிதான். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கிளாசில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இப்போது ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் தையல்நாயகியின் வீட்டில் இரண்டு மாதம் முன்புதான் புதுப் பெண்டியம் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். ஹஃபீசா போன் செய்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "நாளைக்குக் காலைல வந்துடுடி. பூரி போடறேன்" என்றாள் தையல்நாயகி.

ஞாயிறு காலை அயூப் ஸ்கூட்டரை வெளியே தள்ளினான். ஹஃபீசா மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். மழைக்கு ஜி.எஸ்.டி. ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒவ்வொரு குழியிலும் தன் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஹார்ட் டிஸ்கைப் பருத்தித் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தாள். பெருங்களத்தூரில் ஏறின ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, துணிப் பொட்டலத்தை அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "எத்தினி மாசம்?" என்று கேட்டாள். ஹஃபீசா பதறிப்போய்த் துணியை விலக்கிக் காட்டினாள். அந்த அம்மாள் இரும்புப் பெட்டியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். ஐந்து நாளுக்குப் பிறகு ஹஃபீசாவுக்கு முதல்முதலாகச் சிரிப்பு வந்தது.

தையல்நாயகியின் வீட்டில் கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை தைத்து, முன்பக்கம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பின்பக்கம் மூடியின் விளிம்பில் ஒரு வெள்ளி நிறச் சீட்டு ஒட்டியிருந்தது. ஹஃபீசா குனிந்து அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தையல், இது கிழிஞ்சா வாரண்டி போயிடும்னு போட்டிருக்குடி."

"போட்டிருக்கும்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்வாரு? வேணாம்டி. நான் வேற எங்கயாவது..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. தையல்நாயகி கட்டைவிரல் நகத்தால் அந்தச் சீட்டைச் சர்ரென்று கிழித்து, உருட்டி, ஜன்னலுக்கு வெளியே போட்டாள். "வாங்கின நாள்லேர்ந்து உள்ள என்னதான் இருக்குன்னு பார்க்கணும்னு எனக்கு ஒரே ஆசை. இன்னிக்குத்தான் ஒரு சாக்கு கிடைச்சுது. ஸ்க்ரூ டிரைவரைக் குடு."

மூடியைக் கழற்றினார்கள். புது மிஷினின் ஹார்ட் டிஸ்கிலிருந்து இரண்டு ஒயர்களையும் உருவி, அதை எடுத்து ஃபிரிட்ஜின் மேல் ஒரு துண்டை விரித்துப் படுக்க வைத்தார்கள். அதே ஒயர்களைப் பழைய டிஸ்கில் ஹஃபீசா செருகினாள். கேபிளின் ஓரத்தில் இருந்த சிவப்புக் கோடு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மூன்று முறை பார்த்துக்கொண்டாள். பிறகு, "பிஸ்மில்லா" என்று சொல்லி ஸ்விட்சைப் போட்டாள்.

விசிறி சுற்றியது. திரை விழித்தது. ஆனால் டிஸ்கிலிருந்து சத்தமே இல்லை. வழக்கமாக ஊளையிடுகிற மாதிரி ஒரு ராகம் இழுத்துக்கொண்டுதான் அது கிளம்பும். இப்போது 'டிக்' என்று ஒரு முனகல், கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டிக்'.

"ஓங்கி ஒண்ணு வைக்கட்டுமா? எங்க டி.வி. அப்படித்தான் வழிக்கு வரும்" என்றாள் தையல்நாயகி.

"ஐயோ, தொடாதே!"

ஹஃபீசா ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். டிஸ்கை ஒயரிலிருந்து உருவி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். நாலு வருஷமாக நாள் தவறாமல் ஓடின டிஸ்க், ஐந்து நாளாக மழைக் குளிரில் சும்மா கிடந்திருக்கிறது. உள்ளே இருக்கும் தட்டு சுற்றப் பார்க்கிறது, முடியவில்லை. அந்த 'டிக்' அதுதான். எதிரே சமையலறையில் காலை அரைத்த தேங்காய்ச் சட்னியோடு மிக்ஸி நின்றுகொண்டிருந்தது. ஜாரில் தேங்காய் இறுகிப் போய் பிளேடு சுற்றாமல் முனகினால் அவள் என்ன செய்வாள்? அடிக்க மாட்டாள். ஜாரைக் கையில் எடுத்து, மணிக்கட்டால் வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்புவாள். இறுகினது விட்டுக்கொடுக்கும்.

அவள் எழுந்து டிஸ்கைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டாள். கை வியர்த்தது. புடவையில் துடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து, அதைப் பக்கவாட்டில் வெடுக்கென்று திருப்பினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. இரண்டாம் தடவை உள்ளே ஏதோ வழுக்கி விட்டுக்கொடுத்த மாதிரி விரல் நுனிக்குத் தெரிந்தது. அவசர அவசரமாக ஒயரைச் செருகினாள்.

ஸ்விட்சைப் போட்டதும் அந்தப் பழைய ஊளை கிளம்பியது. தாழ்ந்து ஆரம்பித்து, உயர்ந்து உயர்ந்து, உச்சியில் போய் நின்றது. தையல்நாயகி கையைத் தட்டினாள். ஹஃபீசா அவள் வாயைப் பொத்தினாள். திரையில், டிஸ்கைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றிருந்தது.

"சுத்துதே, அப்புறம் என்ன காணோம்?"

"உன் மிஷினுக்குப் பழைய ஆளோட கணக்குதான் ஞாபகம் இருக்கு. புது ஆளை அறிமுகப்படுத்தணும்." ஹஃபீசா செட்டப் பக்கத்துக்குள் போனாள். டிஸ்கைத் தானே கண்டுபிடிக்கச் சொல்லும் இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். மிஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சாதுவாக எழுதிக் காட்டியது: 40 எம்.பி.

"நாப்பதா? எங்க டிஸ்க்குல இது மாதிரி முப்பது அடங்கும்டி!"

"அடங்கட்டும். என் எழுத்து இதுலதான் இருக்கு."

மறுபடி ஆரம்பித்தபோது, கடையில் தினமும் பார்க்கிற அதே பழைய திரை ஊரப்பாக்கத்தில் வந்து நின்றது. அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வரும்வரை திறந்துகொண்டிருக்கும் புரோகிராம், இங்கே கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. எழுத்துரு இருந்த ஃபைலை அழுத்தினாள். திரை ஒரு நொடி வெளுத்தது.

அ. ஆ. இ. ஈ.

கட்டம் கட்டமாக, வரிசை வரிசையாக, எல்லாம் இருந்தன. ஒன்று குறையவில்லை. ஹஃபீசா கீழே கீழே நகர்த்திக்கொண்டே போனாள். ஙு, ஞு, டு, ணு, எல்லா வால்களும் அவள் விட்ட இடத்திலேயே விட்டபடி இருந்தன. கடைசி 'ஹ' வந்ததும் அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று தையல்நாயகி குனிந்து பார்த்தால், அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

"என் பேரை அடி" என்றாள் தையல்நாயகி.

அடித்தாள். பெரிதாக, திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தையல்நாயகி நின்றாள். நிஜத் தையல்நாயகி இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "என் பேரு இவ்வளவு அழகாடி?"

ஹஃபீசாவின் கண் அதற்குள் வேறொன்றில் போய் ஒட்டிக்கொண்டது. கடையில் பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தது இந்தப் பெரிய திரையில் வழவழவென்று தெரிந்தது. 'ஞ'வின் வயிறு ஒரு மயிரிழை பருத்திருந்தது. "அட, இத்தனை நாளும் இதைப் பார்க்கவே இல்லையே" என்று மவுசை எடுத்து வளைவை உள்ளே தள்ள ஆரம்பித்தாள்.

தையல்நாயகி அவள் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். "முதல்ல காப்பி எடுடி! ஞ எங்கயும் ஓடிப் போகாது."

நாலு ஃப்ளாப்பியில் காப்பி எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் திரும்பப் போட்டுத் திறந்து பார்த்தார்கள். நாலாவது ஃப்ளாப்பி ஓடிக்கொண்டிருந்தபோது தையல்நாயகியின் கணவர் ஏகநாதன் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். வயிறு பிளந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஃபிரிட்ஜின் மேல் துண்டில் படுத்திருந்த டிஸ்கைப் பார்த்தார். பை கையிலிருந்து மெதுவாக இறங்கியது.

"என்ன இது, ஆபரேஷனா?"

"பிரசவம். சுகமா முடிஞ்சுது" என்றாள் அவர் மனைவி. "இருங்க, உங்க பேரையும் போட்டுக் காட்டறோம்."

ஏகநாதன் வாரண்டியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார். திரையில் அவர் பெயர் வந்தது. 'ஏ'வின் கால் நீண்டு, கம்பீரமாகச் சாய்ந்து நின்றது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இன்ஷியலையும் சேர்த்துப் போடும்மா" என்றார்.

புது டிஸ்கை அதன் இடத்தில் மாட்டி, அது பழையபடி எழுந்ததைப் பார்த்த பிறகுதான் ஹஃபீசா பூரி சாப்பிட்டாள். எட்டு பூரி. ஒரு ஃப்ளாப்பியைத் தையல்நாயகி பீரோவில் வைத்துப் பூட்டினாள். இன்னொன்றை அயூப் தன் ஆபீஸ் மேசையில் வைத்துக்கொள்வதென்று ஏற்பாடு. மூன்றாவது ஹஃபீசாவின் வீட்டில். நாலாவதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை மாம்பலம் போனாள்.

தாயாரம்மாள் அதிகம் பேசாதவர். எழுத்துகளை ஒரு தாளில் அச்சடித்து எடுத்து, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். 'அ' முதல் 'ஃ' வரை, மெய் வரிசை, உகர வரிசை என்று விரல் வைத்து ஒவ்வொன்றாகப் போனார். ஹஃபீசா நின்றுகொண்டே இருந்தாள்.

"உட்காரும்மா" என்றார் கடைசியில். "புத்தகம் முழுக்க இதுலயே போட்டுடறோம். முதல் பக்கத்துல உன் பேரும் வரும். ஆனா ஒண்ணு."

உட்காரப் போன ஹஃபீசா மறுபடி நிமிர்ந்தாள்.

"தலைப்புக்கெல்லாம் இதே எழுத்து தடிமனா வேணும். வரைஞ்சு தர முடியுமா?"

"தரேம்மா" என்றாள் ஹஃபீசா. எந்த மிஷினில் வரைவாள் என்பதை அப்போது யோசிக்கவில்லை. அதைக் குப்புராஜ் பார்த்துக்கொள்வான்.

மாம்பலத்தில் வண்டி ஏறினதும் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். மடியில் கைப்பையை வைத்து, அதன்மேல் நோட்டைப் பிரித்து, தடித்த 'அ' ஒன்றை வரைந்து பார்த்தாள். சுழி அடைத்துக்கொண்டது. கொஞ்சம் அகட்டி மறுபடி வரைந்தாள். தாம்பரத்தில் வண்டி நின்று எல்லோரும் இறங்கிப் போனபோது அவள் 'ஊ' வரை வந்திருந்தாள்.