நாற்பத்தொன்பதாவது ஜன்னல்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, நகர மாளிகையின் கிழக்குச் சுவரில், இரண்டாம் மாடியில், அதற்கு முன்பு இல்லாத ஒரு ஜன்னல் வந்தது. இடிக்கும் சத்தம் கேட்கவில்லை, தூசு விழவில்லை. இருநூறு வருடங்களாக நாற்பத்தெட்டு ஜன்னல்களோடு நின்ற கட்டிடம் அன்றிலிருந்து நாற்பத்தொன்பதோடு நின்றது. பொறியாளர் வந்து அளந்தார், பழைய வரைபடத்தைப் புரட்டினார், குறிப்பேட்டில் 'ஜன்னல் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

காரணம், நான்கு தெரு தள்ளியிருந்த பேனாப் பட்டறை. மாளிகையின் இருநூறாம் ஆண்டுக்காக அங்கே நூறே நூறு பேனாக்கள் செய்தார்கள். மூடி அதன் குவிமாடம், கிளிப் அதன் மணிக்கூண்டு, வெள்ளி உடல் முழுக்க அதன் சுவர்கள். ஒவ்வொரு பேனாவோடும் 'கல்லுக்குக் கல், ஜன்னலுக்கு ஜன்னல் அசலைப் போலவே' என்று முதலாளி கையெழுத்திட்ட சான்றிதழ். வாங்குகிறவர்கள் யாரும் அதில் எழுதப் போவதில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆனால் எண்ணிப் பார்த்துவிட்டுப் பூட்டுவார்கள். ஜன்னல்களைச் செதுக்கியவள் லென்சக்கா. நெற்றியில் எப்போதும் பூதக்கண்ணாடி ஏறியிருப்பதால் அந்தப் பெயர்; கழற்ற மறந்து அதோடு கல்யாண வீட்டுக்கே போயிருக்கிறாள். உருண்டைக் குழாய்க்கு முதலும் முடிவும் கிடையாது என்பதால், வாசற்கதவின் மேல் ஒரு மெழுகுப் பொட்டு வைத்து, அங்கிருந்து சுற்றிச் செதுக்கிக்கொண்டு வருவாள். நூறாவது பேனாவின்போது அவள் கணவர் போன் செய்து சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பியவள், வெறும் சுவராக விட வேண்டிய இடத்தில் ஒரு ஜன்னலை வெட்டிவிட்டாள். அப்போது மணி பதினொன்று.

ஜன்னல் வந்தது ஆவண அறையில். பிறப்பு இறப்புப் பதிவேடுகளுக்கு நடுவே ஒரு குமாஸ்தா இருபத்திரண்டு வருடங்களாக ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் அவரை வவ்வால் என்று கூப்பிட்டார்கள். அவரும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார். வெளியே மழை என்பதை, வருகிறவர்களின் குடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அன்று பதினொரு மணிக்கு முதுகில் ஏதோ சூடாகப் பட்டது, திரும்பினால் வெயில். நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஒன்றேகால் மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சான்றிதழ் கேட்டு வந்த ஏழு பேரும் கூடவே நின்று பார்த்தார்கள்; யாரும் அவசரப்படுத்தவில்லை.

புதன்கிழமை பத்திரிகையில் படம் வந்தது. ஜன்னல் மயிரிழை இடப்பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்து லென்சக்காவுக்கு டீ புரையேறியது. அது அவள் கைச் சாய்வு. அவசரத்தில் வெட்டினால் மட்டும் வருவது. உடனே மாளிகைக்குப் போனாள். குமாஸ்தா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, இங்கேர்ந்து பாத்தா எதிர் மாடியில துணி காயறது தெரியும்," என்று ஏதோ அரண்மனையைக் காட்டுவதுபோல் காட்டினார். அவள் உட்காராமலே விஷயத்தைச் சொன்னாள்.

"தப்பான உருப்படிய வெள்ளிக்கிழமை முதலாளி முன்னாடி உருக்கிடறது எங்க வழக்கம் சார். நேத்து மூணு மணிக்குக்கூட, பேனாவுல அந்த ஜன்னல மட்டும் அழிக்க முடியுமான்னு எங்க பட்டறைல சரிபாக்கறவர் அரத்தால ரெண்டு தேய் தேச்சார்."

"மூணு மணிக்கா?" குமாஸ்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கண்ணாடி மங்கிப்போச்சும்மா. நான் மேகம்னு நெனச்சேன்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, வெள்ளிக்கிழமை அவர் அரைநாள் விடுப்பு எடுத்தார். பட்டறையில் உலை சிவந்திருந்தது. முதலாளி முழுக்கதையும் கேட்டுவிட்டு, "தப்பு பண்ணினது எங்க ஆளு. அதுக்குக் கட்டிடம் ஏன்யா பொறுப்பேத்துக்குது?" என்றார். குமாஸ்தா மனப்பாடம் செய்துவந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "ஐயா, நேத்து மழை பேஞ்சுது. ஆபீஸ்லயே நான்தான் முதல்ல பாத்தேன். கீழ ஓடிப்போய் எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்று மட்டும் சொன்னார். முதலாளி நூறாவது பேனாவைக் கையில் எடுத்தார். "புரியுதுய்யா. ஆனா இத வெளிய விட்டா, வாங்கறவங்க என்னையே உருக்கிடுவாங்க."

அப்போது, கேட்காமல் வாய் திறந்தறியாத சரிபார்க்கிறவர் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். "ஜன்னலுக்கு ஜன்னல்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க முதலாளி. இப்ப அங்க நாப்பத்தொம்பது. சரியா இருக்கறது இந்த ஒரு பேனாதான். மத்த தொண்ணூத்தொம்பதும் தப்பு."

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு மாளிகைக்கு நடந்தார். இரண்டு தடவை சுற்றி வந்து எண்ணினார். திரும்பி வந்து, "உலைய அணைங்க," என்றார். "லென்சு, மத்ததுலயும் ஒண்ணொண்ணு வெட்டு. பாத்து, நேரா வெட்டிடாத."

அந்த மாதம் முழுக்க அவள் வெட்டினாள். ஒவ்வொன்று வெட்டும்போதும் ஆவண அறை ஜன்னலின் விளிம்பு ஒரு நூல் அகலமானது. தொண்ணூற்றொன்பதாவது முடிந்த அன்று குமாஸ்தா அதில் டீ டம்ளரை வைத்துக் குடித்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, பிறப்புப் பக்கத்தில் ஜன்னலைப் பதிந்தார். நேரம், பதினொரு மணி. தாய் என்ற இடத்தில் லென்சக்காவின் முழுப்பெயர். தகப்பன் என்ற இடத்தில், சர்க்கரை டப்பா கேட்டவரின் பெயர். முத்திரை குத்திய சான்றிதழ் வீட்டுக்கு வந்தபோது கணவர் ஒரு வாரம் தெருவெல்லாம் காட்டினார். முப்பது வருடம் செதுக்கியும் எந்தப் பேனாவிலும் தன் பெயரைப் பார்த்திராத லென்சக்கா, அதைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

நூறாவது பேனாவை முதலாளி விற்கவில்லை. அவள் மேசையிலேயே இருக்கட்டும் என்றார். ஜன்னலை வெளியிலிருந்து துடைக்க, மாளிகையின் அந்தப் பக்கம் ஏணி எட்டாது. அதனால் குமாஸ்தா ஓய்வுபெற்ற அன்று, அடுத்து வந்த பெண்ணிடம் அறைச் சாவியோடு ஒரு போன் நம்பரையும் கொடுத்தார். கண்ணாடி மங்கும்போதெல்லாம் அந்தப் பெண் கூப்பிடுகிறாள். லென்சக்கா நெற்றிக் கண்ணாடியை இறக்கி, மெத்தென்ற துணியால் பேனாவை இரண்டு தடவை துடைக்கிறாள்.

"போதும்க்கா, பளிச்சுனு ஆயிடுச்சு."

"மழை வருமாடி?"

"வரும்க்கா. எதிர் மாடியில துணி எடுக்கறாங்க."