ஆஃப்ரீன் வீட்டுத் தேக்சா

கணவன் ஜீவா கரண்டி பிடிக்கிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஏழரைதான் என்பது கிறிஸ்டினாவுக்குப் புதிதல்ல. பாலைப் பொங்கவிடுவான், குக்கரைக் கருக்குவான், எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் இப்படி ஒரு வேலையைச் செய்து வைப்பான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

ஆராதனை முடிந்து சத்துவாச்சாரி வீட்டுப் படியேறும்போதே வாசனை வந்துவிட்டது. அடுப்படியில் ஜீவா மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தான்.

"பன்னி முன்சப்பை, ரெண்டு கிலோ. நாலு மணி நேரமா சிம்லயே வேகுது கிறிஸ்டி. வீடியோல காட்டின மாதிரியே நார் நாரா பிரியுது பாரு. பன்னுல வெச்சு சாப்ட்டா இன்னாமா இருக்கும் தெரியுமா!"

அவள் கறியைப் பார்க்கவில்லை. அது வெந்துகொண்டிருந்த பாத்திரத்தைத்தான் பார்த்தாள். அடி கனத்த, பெரிய தேக்சா.

"அடப்பாவி! யாரக் கேட்டு இதுல வெச்ச?"

"நம்ம பாத்திரமெல்லாம் அடி புடிக்குது. இதுதான் கட்டில் கீழ சும்மா கெடந்துச்சு. ஏன்?"

ஏன் என்று கேட்கிறான். போன ஞாயிறு மகளின் பிறந்தநாள் பிரியாணிக்காக மேல்விஷாரத்திலிருந்து இரவல் வாங்கி வந்தது அது. ஷூ கம்பெனியில் கிறிஸ்டினாவுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கும் ஆஃப்ரீனின் வீட்டுப் பாத்திரம். கொடுக்கும்போதே ஆஃப்ரீனின் அம்மா தயங்கினார்கள். "தப்பா நெனைக்காதம்மா, உங்க வீட்ல பன்னி சமைப்பீங்கல்ல?" என்றார்கள். "கிறிஸ்டினாவுக்கு நான் பொறுப்பு அம்மி" என்று ஆஃப்ரீன் முந்திக்கொண்டாள். "இதுல படவே படாதும்மா" என்று கிறிஸ்டினாவும் வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கை ஜீவாவிடம் மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால், "நம்ம சாப்பாடு அவ்ளோ கேவலமா?" என்று குதிப்பான். எதற்கு வம்பு என்று விழுங்கியிருந்தாள்.

நாளைக்கு ஆஃப்ரீனின் அண்ணன் சமீருல்லாவுக்கு நிச்சயதார்த்தம். இந்தத் தேக்சாவில்தான் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தால்ச்சா வைக்கப்போகிறார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் எடுத்துப் போக ஆஃப்ரீனே வருகிறாள்.

விஷயத்தைச் சொன்னதும் ஜீவாவின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் வாய் ஓயவில்லை. "நல்லா தேச்சுக் கழுவிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல?"

அப்போது கீழே ஸ்கூட்டி ஹாரன் அடித்தது. ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டாள் மகராசி. ஜீவா கறியை அப்படியே வேறு சட்டியில் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்தான். கிறிஸ்டினா முன்னறைக்கு ஓடினாள்.

"இன்னாடி, மட்டனா? ரோடு வரைக்கும் தூக்குது வாசனை!" ஆஃப்ரீன் செருப்பைக் கழற்றியபடியே சிரித்தாள். "காலைலேர்ந்து கடை கடையா அலைஞ்சு பேஜாராயிட்டேன். பச்சத் தண்ணி பல்லுல படல. ஒரு வாய் குடு."

"இன்னும் வேகலடி" என்று கிறிஸ்டினாவின் வாயில் வந்தது. உள்ளே தேய்க்கிற சத்தம் கரகரவென்று கேட்டது.

"பரவால்ல, குழம்பு மட்டும் ஊத்து."

ஜீவா ஈரம் சொட்டச் சொட்டத் தேக்சாவைக் கொண்டுவந்து ஆஃப்ரீனின் காலடியில் வைத்தான். அது புதுசாகப் பளபளத்தது. "மட்டன் வேக நேரமாவும்மா, நீ கெளம்பு" என்றான். ஆஃப்ரீன் குனிந்து காதைப் பிடித்துத் தூக்கினாள். இன்னும் பத்து அடி. வாசலைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது, யாருக்கும் நஷ்டமில்லை.

"மட்டன் இல்லடி. பன்னி. அதுலதான் வெந்துச்சு."

ஆஃப்ரீன் தேக்சாவை மெதுவாகக் கீழே வைத்தாள். கையைத் துப்பட்டாவில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"ஏன்டி சொன்ன?" அவள் குரல் உடைந்தது. "சொல்லாம குடுத்திருந்தா எடுத்துட்டுப் போயிருப்பேன். இப்ப நான் அம்மிகிட்ட போய் இன்னா சொல்லுவேன்? பொய் சொல்லுவேனா? உனக்குப் பொறுப்பு நான்னு சொன்னேனே!"

"நீ சொல்லாத. நானே வந்து சொல்றேன்."

"அவங்க அப்புறம் உன்ன வாசப்படி ஏற விடமாட்டாங்க."

"விடலன்னா போறாங்க" என்றாள் கிறிஸ்டினா. தேக்சாவைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

இருவரும் ஸ்கூட்டியில் மேல்விஷாரத்துக்குக் கிளம்பினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த கிறிஸ்டினாவின் மடியில் தேக்சா கனத்தது. எப்போதும் பிரேக் போட்டால் வேண்டுமென்றே சாய்ந்து சிரிக்கிறவள், இன்று ஆஃப்ரீனின் முதுகில் படாமல் தள்ளியே உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டு வாசலில் பந்தலுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஃப்ரீனின் அம்மா வெளியே வந்தார்கள். கிறிஸ்டினா படியில் கால் வைக்காமல், தேக்சாவைத் தரையில் வைத்துவிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஜீவா மேல் பழியைப் போடவில்லை. "அவருகிட்ட நான் சொல்லலம்மா. தப்பு என்னுது" என்றாள்.

அம்மா தேக்சாவைப் பார்த்தார்கள். மகளைப் பார்த்தார்கள். முகத்தில் கோபம் ஏறுவது நன்றாகத் தெரிந்தது.

"இவ உன் வீட்ல ஏதாச்சும் சாப்ட்டாளா?"

"இல்லம்மா. பசிக்குது, குடுன்னுதான் கேட்டா. நான் குடுக்கல."

பந்தல்காரன் கையை நிறுத்திவிட்டு நின்றான்.

"பாத்திரத்தக் கழுவலாம். வயித்தக் கழுவ முடியுமா?" என்றார்கள் அம்மா. பிறகு பெருமூச்சுவிட்டு, "தேக்சா வெளியவே கெடக்கட்டும். நீ உள்ள வா" என்றார்கள்.